நாரை பறக்காமல் ஒரு நடை

*மதுரைக் கண்மாய்க் கரையில் தொடங்கி தனுஷ்கோடி மணல்வெளி வரை: வலசைக் காலத்தில் பறவை பார்க்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி*

மதுரைக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் வலசைப் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து தங்கும் ஒரு மணல்வெளி, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் நான்கைந்து மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. புயல் தின்ற ஊரையும் இரண்டு கடல் கைகோக்கும் அரிச்சல்முனையையும் பார்க்க ஆண்டு முழுக்க தனுஷ்கோடிக்குக் கூட்டம் போகிறது. போகிற வழியில், சாலையோரத்து உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் நிற்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. கவனிப்பவர்களிலும் சிலர் வண்டியை நிறுத்தி, செல்போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடுகிறார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து பறக்கிறது. வீடியோ நன்றாக வந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வண்டி ஏறுகிறார்கள்.

2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2023-24 கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 128 வகைப் பறவைகள் பதிவாகியிருந்தன. அறிவிப்பு வந்த பிறகு, இத்தனை காலம் அரிச்சல்முனையில் செல்ஃபி எடுத்துத் திரும்பியவர்களும் பறவை பார்க்கவென்றே போகலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம், போக வேண்டும். ஆனால் போகும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்தனை இனம் பார்த்தோம் என்பதை வைத்து ஒரு பறவை நடையை மதிப்பிட முடியாது. நம்மால் ஒரு பறவையும் பதறி எழவில்லை என்றால்தான் அது நல்ல நடை. நாள் பார்ப்பதும் நேரம் குறிப்பதும் உடை எடுத்துவைப்பதும் எல்லாம் அதற்காகத்தான்.

எழுந்து பறந்தால் என்ன நஷ்டம்?

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை 20 முதல் 30 கிராம். கையில் எடுத்தால் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூடக் கனக்காது. ஆர்க்டிக் ஓரத்து உறைநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. பங்குனி பிறந்ததும் அதே தூரத்தைத் திரும்பக் கடக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான எரிபொருள் அதன் உடம்பில் சேரும் கொழுப்புதான். அந்தக் கொழுப்பைத் தருவது சேற்றுக்குள் இருக்கும் புழுவும் சிறு நண்டும் பூச்சியும்.

இதே குடும்பத்தில் பெரிய பயணி பட்டைவால் மூக்கன். 2022-ல் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட இளம் பறவை ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாட்கள் பறந்து, சுமார் 13,560 கிலோமீட்டர் தாண்டி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. அதன் உடலில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி இதைக் காட்டிக்கொடுத்தது. இப்படி நெடுந்தூரம் கிளம்பும் மூக்கனின் உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். மன்னார் வளைகுடாக் கரைக்கும் இந்த இனம் வருகிறது. நமக்கு வருபவை வேறு திசையில், சைபீரியப் பக்கமிருந்து வருபவை.

கரைப்பறவைகள் நினைத்த நேரத்தில் மேய முடியாது. நீர் வற்றிச் சேறு தெரியும் சில மணி நேரந்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து கூட்டத்தைக் கலைத்தால், மேய்ச்சல் நின்றுபோகிறது. சேர்த்த கொழுப்பும் கரைகிறது. ஒருவர் செய்தால் தாங்கிக்கொள்ளும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டி வண்டியாக வருபவர்கள் ஆளுக்கொரு தடவை செய்தால், பறவைக்கு அந்த நாளே போயிற்று.

முதல் பாடம் கண்மாயில்

கடற்கரைக்குப் போகும் முன் கண்ணையும் காலையும் பழக்கிக்கொள்ள மதுரையைவிட நல்ல இடம் கிடைக்காது. தமிழகம் முழுவதும் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் கணிசமான பங்கு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சமவெளியில் அடுத்தடுத்துக் கிடக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிறைய நிறைய, பறவைகளும் பரவி இறங்குகின்றன.

நகரத்துக்குள்ளேயே வண்டியூர்க் கண்மாய் இருக்கிறது. தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய். அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லி உள்ளூர் ஆர்வலர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. குன்றுகளும் சுனைகளும் சமணப் படுக்கைகளும் சூழ்ந்த அந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர் பரப்பு, 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறும் ராஜாளிக் கழுகும் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம். அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கண்மாயில் எங்கே நின்று பார்ப்பது? கரையோரம் ஆழமாக இருக்கும். மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் அங்கே. நடுப்பரப்பில் நாமக்கோழியும் வாத்து இனங்களும் மிதக்கும். உள்வாய்ப் பக்கம் நீர் மெலிந்து சேறாக மாறும் இடந்தான் உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் உரியது. தை, மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து கண்மாய் வற்ற வற்ற, உள்வாய்ச் சேறு விரிந்துகொண்டே போகும். உள்ளான்களின் எண்ணிக்கையும் கூடும். கடற்கரையில் ஓதம் ஒரே நாளில் செய்வதை, கண்மாயில் மடைத் தண்ணீர் இரண்டு மாதத்தில் செய்கிறது.

தட்டைவாயன் வாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். அகன்ற அலகை நீரில் வைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் இரண்டு மூன்று பறவைகள் வட்டமாகச் சுற்றி நீந்தும். சுற்றும்போது கீழிருந்து கிளம்பி வரும் சிற்றுயிர்களை அலகோரச் சல்லடையில் வடித்துத் தின்னும். திடீரென்று ஒன்று தலையை நிமிர்த்தி அசையாமல் நிற்கும். அடுத்து இன்னொன்று. பிறகு எல்லாம் ஒரே பக்கமாக மெல்ல விலகும். நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் மறுபடி தலை கவிழ்த்து மேயத் தொடங்கும். இன்னும் நாலு அடி வைத்தால் பறந்துவிடும். இந்த எச்சரிக்கையைக் கண்மாயில் படிக்கக் கற்றவர்களுக்குத் தனுஷ்கோடியில் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

நாள் குறிப்பது எப்படி?

பஞ்சாங்கம், வானிலை அறிக்கை இரண்டும் வேண்டும்.

கார்த்திகையிலும் மார்கழி முதல் பாதியிலும் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் வாய்ப்பு அதிகம். தனுஷ்கோடியை அழித்த புயலும் 1964 டிசம்பர் 22 இரவில்தான் வந்தது. மழையில் நனைந்துகொண்டு, ஒதுங்க ஒரு கூரையில்லாத மணல்வெளியில் நடப்பதில் பயன் இல்லை. தை பிறந்ததிலிருந்து மாசி முடியும் வரை வானம் தெளிந்து, வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். பூநாரைகளைப் பார்க்கவும் நல்ல காலம் அதுதான்.

அதிலும் கூட்டம் பார்த்துக் குறிக்க வேண்டும். தை முதல் தேதி வரை சபரிமலை சென்று திரும்பும் பக்தர்கள் ராமேஸ்வரத்தில் நிறைவார்கள். பொங்கல் விடுமுறையில் சுற்றுலாப் பயணிகள். தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அப்போதுதான் சேறும் அகலமாகத் தெரியும். ஆகவே பௌர்ணமியை ஒட்டிய ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தால் பறவையும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். நம் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அன்றைய காற்றையும் நீரையும் கேட்டுக்கொள்ளக் கரையிலிருக்கும் மீனவரைவிடச் சிறந்த ஆள் இல்லை.

வாடை வீசும் இந்த மாதங்களில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை எழும். தெற்கே மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். சோழகக் காற்று எழுந்ததும் இது தலைகீழாகிவிடும்.

போகும் வழியும் பறவை வழிதான்

வைகை மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, மதுரையைக் கடந்து, வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை கிராமத்தருகே கடலில் கலக்கிறது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று நாம் போகும் சாலையும் ஏறக்குறைய அதே திசைதான்.

ஒரே மூச்சாக ராமேஸ்வரம் போய்விடாமல் வழியில் ஒரு பொழுது இறங்குங்கள். நயினார்கோவில் அருகே தேர்த்தங்கல், ராமநாதபுரத்தை ஒட்டிச் சக்கரக்கோட்டை: இந்த இரண்டு கண்மாய்களும் 2025 பிப்ரவரியில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டன. சாயல்குடி வழியில் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் சரணாலயம் 593 ஹெக்டேர். மழை பெய்து நீர் நின்ற ஆண்டில், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் ஒன்றும் இருக்காது. போகும் முன் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். நாரையாலும் ஒரே வீச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு விரிந்த கண்மாய் என்று பொருள். நீரின் அளவைச் சொல்ல நாரையின் சிறகை அளவுகோலாக எடுத்துக்கொண்ட சமவெளி இது. பறவையைக் கவனிப்பது இங்கே புதிதாக வந்த பழக்கம் அல்ல.

நடக்க முடியாத பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் உடன் வந்தால், தொண்டிப் பக்கம் காரங்காடு போகலாம். அங்கே ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள்.

மணல்வெளியில்

ராமேஸ்வரத்தில் தங்கி, விடியும் முன் கிளம்ப வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த சாலை, ஒன்பதரை கிலோமீட்டர். எல்லோரும் முனையை நோக்கி நடப்பார்கள். காலையில் அப்படி நடந்தால் சூரியன் கண்ணில் அடிக்கும். பறவைகள் வெறும் கருநிழலாகத் தெரியும். வண்டியில் முனைப் பக்கம் போய் இறங்கிக்கொண்டு, சூரியனை முதுகில் வாங்கியபடி ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தால், ஒவ்வொரு இறகின் நிறமும் தெளிவாகத் தெரியும். நான்கு கிலோமீட்டர் நடந்தால் போதும். நின்று நின்று பார்த்தால் அதற்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

முதலில் கண்ணில் படுபவை ஆலாக்களும் கடற்காகங்களும். மணல்திட்டில் இளைப்பாறும்போது அத்தனையும் காற்று வரும் திசையைப் பார்த்தே நிற்கும். பழுப்புத்தலைக் கடற்காகத்தைத் தேடினால் பழுப்புத் தலை எங்கும் தென்படாது. குளிர்காலத்தில் தலை வெளுத்து, காதருகே ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். மாசிக் கடைசியில் சிலவற்றுக்குப் பழுப்பு திரும்பத் தொடங்கும். மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளுக்குக் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

உள்ளான், உப்புக்கொத்திகளை நிறம் பார்த்து இனம் காண முயன்று பலர் சோர்ந்துபோகிறார்கள். குளிர்காலத்தில் எல்லாம் சாம்பல், பழுப்பு, வெள்ளைதான். நடையையும் அலகையும் பாருங்கள். உப்புக்கொத்தி குடுகுடுவென ஓடும், சட்டென நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அலகு குட்டை, கண்ணால் பார்த்துத்தான் இரை எடுக்கும். மூக்கன் நீளமான அலகைச் சேற்றுக்குள் கண் வரைக்கும் இறக்கித் துழாவும். கல்திருப்பி உள்ளான் கடற்பாசியையும் சிப்பியையும் அலகால் புரட்டிப் போட்டு அடியில் இருப்பதைத் தேடும். ஒரே சேற்றில் ஆளுக்கொரு ஆழத்தில் சாப்பாடு.

கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த அலகோடு நிற்கும் நண்டு தின்னியைப் பார்த்துவிட்டால் அன்றைய நாள் நல்ல நாள். அரபிக் கடலையும் பாரசீக வளைகுடாவையும் ஒட்டிய மணற்கரைகளில் வளை தோண்டி உள்ளே முட்டையிடும் பறவை அது. வெயிலில் காய்ந்த மணலின் வெதுவெதுப்பே அடைகாப்பதில் பாதி வேலையைப் பார்த்துவிடும்.

பூநாரைகளுக்கு அவசரம் கிடையாது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, கால்களால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். கலங்கிய நீரை நாக்கால் இழுத்து வெளியே தள்ளும்போது பாசியும் சிற்றிறாலும் அலகின் சல்லடையில் தங்கிவிடும். இளஞ்சிவப்பு நிறம் அந்தத் தீனியிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம் பறவைகள். இந்தியாவில் இவை பெருவாரியாகக் குஞ்சு பொரிக்கும் இடம் கட்ச் ரண் உப்புப் பாலை.

இவை எல்லாம் வந்து போகிறவை. இந்த மணலையே சொந்த ஊராகக் கொண்ட ஒரு சின்ன உப்புக்கொத்தியும் உண்டு. நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாக நினைத்திருந்ததை, 2023-ல் வெளியான ஆய்வு தனி இனம் என்று நிறுவியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அந்தப் பறவைக்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். சிறு குழியில், மணல் நிறத்திலேயே முட்டையிடும். ஓர் அடி தள்ளி நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. மணலில் ஏற்றும் ஒரு ஜீப் டயருக்கும் தெரியாது. மீன் வறுவல் கடையில் வாங்கித் தின்று நாம் வீசும் முள்ளும் இலையும் நாயையும் காகத்தையும் அங்கே வரவழைக்கின்றன. அவை முட்டையைக் கண்டுபிடித்துவிடும்.

பெட்டிச் செய்தி: புறப்படும் முன்

*தூரம்:* பறவைக் கூட்டத்துக்கும் உங்களுக்கும் நூறு மீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரு பறவை தலை நிமிர்த்தினால் நில்லுங்கள். அது விலகி நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள்.

*இருநோக்கி:* தொடங்குபவர்களுக்கு 8×42 போதும். கை நடுங்கினாலும் காட்சி அவ்வளவாக ஆடாது. கடற்கரையில் பறவைகள் தொலைவில் நிற்பதால், குழுவுக்கு ஒரு தொலைநோக்கியும் முக்காலியும் இருந்தால் குழந்தைகளும் முறை வைத்துப் பார்க்கலாம்.

*கையேடு:* ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழ்ப் பெயர்களோடு பழக உதவும்.

*உடை, தண்ணீர்:* மண் நிறச் சட்டை, தொப்பி, நனைந்தால் பரவாயில்லாத செருப்பு. நிழலும் நல்ல தண்ணீரும் வழியில் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

*குழு:* ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பேச்சைக் குறைத்து, ஒன்றாகச் சேர்ந்து மெல்ல நடங்கள். பரவி நடந்தால் பறவை தன்னைச் சுற்றி வளைப்பதாக நினைக்கும்.

*அனுமதி:* சரணாலயப் பகுதியில் சாலையை விட்டு இறங்கும் முன் வனத்துறையைக் கேளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். இருட்டும் முன் அரிச்சல்முனையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

கொள்ளுக்குடிப்பட்டி சொல்வது

இவ்வளவு கட்டுப்பாடா என்று தோன்றினால், மதுரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில், திருப்பத்தூர் வழியில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியை நினைத்துக்கொள்ளலாம். அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. ஐப்பசியில் நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டத் தொடங்கும் நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது. அந்த ஊரில் தலைமுறைகளாக வெடி வெடிப்பதில்லை. சட்டத்துக்குப் பயந்து வந்த பழக்கம் இல்லை இது. ஊர் கூடி எடுத்த முடிவு. வனத்துறை ஆண்டுதோறும் இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

தீபாவளி அன்று வெடி வேண்டாம் என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்குத் தெரியும். அதைச் சாதித்த ஊரின் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். பூநாரையிடமிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பது நமக்கு முடியாத காரியமில்லை.

தொடங்க நல்ல நாளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறார்கள். யாரும் கலந்துகொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் கண்மாய்க் கரையில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். எந்தக் கண்மாயில் எத்தனை பறவை என்ற கணக்கு கையில் இருக்கும் ஊர்தான், அந்தக் கண்மாயில் குப்பை கொட்ட வரும் லாரியை மறித்துக் கேள்வி கேட்க முடியும். பொங்கலுக்குக் கண்மாயில் எண்ணிப் பழகுங்கள். மாசியில் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லட்டும்.